வேலூர்ப் பக்கத்திலிருந்து கதை எழுத வருபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மூன்று மாவட்டமாகப் பிரிந்துவிட்டாலும் பெரியவர்கள் வாயில் இது இன்னும் வட ஆற்காடுதான். இந்தப் பக்கத்தில் கதை எழுத ஆசைப்படுகிறவர்களோடு உட்கார்ந்து அவர்கள் கதையைப் படிப்பதும் பேசுவதும் எனக்குப் பல வருடப் பழக்கம். கல்லூரிப் பிள்ளைகள், ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் வருவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவையும் நான் சொல்லும் பதில்களும் இவை.

நான் இருப்பது குடியாத்தம். இங்கே இருந்துகொண்டே எழுத்தாளராக முடியுமா, சென்னைக்குப் போக வேண்டுமா?

போக வேண்டாம். மு.வ. என்று எல்லாருக்கும் தெரிந்த மு. வரதராசனின் பூர்வீகம் வாலாஜா பக்கத்து வேலம். திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் எழுத்தராக வேலை பார்த்தவர், அப்புறம் அந்த ஊர்ப் பள்ளியிலேயே தமிழாசிரியர் ஆனார். பின்னால் சென்னைக்குப் போய்ப் பேராசிரியரானார், சரி. ஆனால் 1961-ல் அவருக்கு சாகித்திய அகாதமி விருது வாங்கித் தந்த ‘அகல் விளக்கு’ நாவலுக்குள் வாலாஜா இருக்கிறது. கதைக்கு வேண்டியதை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டு போனார்.

இன்றைக்குக் கதை போவது மின்னஞ்சலில். ஆசிரியர் குழுவுக்கு நீங்கள் அண்ணா நகரில் இருந்து அனுப்புகிறீர்களா, நம் அணைக்கட்டு ஊரில் இருந்து அனுப்புகிறீர்களா என்பது ஒரு பொருட்டே இல்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போக வேண்டுமென்றால் காட்பாடியில் காலை வண்டி ஏறி இரவு வீடு திரும்பிவிடலாம்.

எங்கள் ஊரில் எழுதுகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லையே?

இதை யார் கேட்டாலும் எனக்குத் தாங்குவதில்லை. வேலூரில் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். லாட்ஜ் பலகையில் வங்காள எழுத்து, மெஸ் வாசலில் மீன் குழம்புச் சாப்பாடு என்று இந்தியில் எழுதிய அட்டை. கொல்கத்தாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ அப்பாவை சிகிச்சைக்கு அழைத்து வந்த ஒரு பையன், ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவன், மாதக்கணக்கில் அந்த லாட்ஜ் அறையில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பான். அறைக்காரருக்கும் அவனுக்கும் பொது மொழி கிடையாது. வாடகை பாக்கி. இதில் கதை இல்லையா?

பீடி சுற்றும் வீடுகள் இருக்கின்றன. முறத்தில் இலையும் தூளும் வைத்துக்கொண்டு திண்ணையில் பேசிக்கொண்டே ஆயிரம் பீடி முடிக்கும் பெண்கள், கணக்கெடுக்கும்போது கழித்துப்போடும் பீடியைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழில். அந்தத் தொழிலால் வீடு கட்டினவர்களும் கிணற்றுத் தண்ணீரை இழந்தவர்களும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தை பிறந்தால் காளை விடும் விழா. விநாடிக் கணக்கில் ஓடி முடிக்கும் ஒரு காளைக்காக வருடம் முழுக்கத் தீனி போட்டு வளர்க்கிற குடும்பம். மகா சிவராத்திரி முடிந்து பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்து, ராத்திரியில் கூத்தாடி, கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருப்பான். அவன் மேல் ஏறி நின்று வசனம் பேசுகிற கூத்துக்காரர் அடுத்த நாள் காலையில் எந்த வேலைக்குப் போகிறார்?

பாலாறு வருடம் முழுக்க மணலாகக் கிடக்கும். 2021 நவம்பரில் கரை தொட்டு ஓடியது. 1903-ல் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனதும் இதே ஆறுதான்.

ஆனால் ஒன்று. இவை எல்லாவற்றையும் ஒரே கதையில் கொண்டுவரப் பார்க்காதீர்கள். ஊரைச் சுற்றிக் காட்டுகிற கட்டுரையாகிவிடும். ஒரு திண்ணை, ஒரு சாயங்காலம், இரண்டு பேர், அவர்களுக்குள் சொல்லாமல் இருக்கும் ஒரு விஷயம். முதல் கதைக்கு அது தாராளம்.

கரு மனசில் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் உங்களிடம் இருப்பது கரு இல்லை, கருத்து. ‘வறுமை கொடியது’, ‘பெண்கள் சுமக்கும் பாரம்’ என்று ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் சொல்ல வேண்டியது தீர்ந்துபோகும். ஆளைப் பிடியுங்கள். அவர் அன்றைக்கு என்ன செய்தார் என்று கேளுங்கள்.

ஒரு உதாரணம். புதிதாக எழுதுகிறவர்கள் பலர் இப்படித் தொடங்குவார்கள்:

‘மாலதி ஏழைக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா இறந்த பிறகு குடும்பப் பாரம் முழுவதும் அவள் தலையில் விழுந்தது. தம்பியைப் படிக்க வைக்க அவள் தினமும் ஷூ கம்பெனியில் கஷ்டப்பட்டு உழைத்தாள். தன் ஆசைகளை எல்லாம் தியாகம் செய்தாள்.’

இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் மாலதியை நாம் பார்க்கவே இல்லை. அவளைப் பற்றி ஒருவர் சொல்லக் கேட்டோம், அவ்வளவுதான். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

‘கம்பெனி பஸ் ஆறு மணிக்கு. மாலதி சோற்றை வடித்து இரண்டு டப்பாவில் போட்டாள். முட்டை ஒன்றுதான் இருந்தது. அதைத் தம்பி டப்பாவில் சோற்றுக்கு அடியில் புதைத்தாள். மேலே வைத்தால், எனக்கு எதுக்கு, நீ எடுத்துக்க என்று அவன் எடுத்து வைத்துவிடுவான். தெருமுனையில் ஹாரன் கேட்டது. செருப்பு வார் அறுந்திருந்தது ஞாபகம் வந்தது. ஊக்கு தேடினாள்.’

ஏழை, பாரம், கஷ்டம், தியாகம் என்கிற நாலு சொல்லும் போய்விட்டன. முட்டையும் ஊக்கும் வந்துவிட்டன. நாள் முழுக்க ஷூ தைக்கிறவள் அறுந்த செருப்போடு பஸ்ஸுக்கு ஓடுகிறாள் என்பதைப் படிக்கிறவரே கண்டுபிடித்துக்கொள்வார். நீங்கள் அதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் கெட்டுப்போகும். அதைவிட, இப்போது கதை நகர ஆரம்பித்துவிட்டது. தம்பி மத்தியானம் டப்பாவைத் திறப்பான், முட்டை கிடைக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன சொல்வான்? ரெண்டாவது பக்கம் அங்கே இருக்கிறது.

இந்தப் பயிற்சியை யாரும் வீட்டில் செய்யலாம். உங்கள் கதையில் உணர்ச்சியின் பெயர் வரும் இடங்களை எல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். கோபம், சோகம், பாசம், ஏமாற்றம். ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு அந்த இடத்தில் ஆள் கையால் செய்யும் ஒரு காரியத்தை வைக்க முடிகிறதா என்று பாருங்கள். எல்லா இடத்திலும் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. பாதி இடத்தில் முடிந்தாலே கதை வேறு ஆகிவிடும்.

வேலைக்குப் போகிறேன். நேரமே இல்லை.

அரை மணி நேரம் போதும். ஆனால் தினமும் ஒரே அரை மணி நேரமாக இருக்கட்டும். பஸ்ஸில் போகும்போது போனில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே எழுதுகிறார்கள். ஆரம்பித்ததை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவதுதான் நேரமில்லாததைவிடப் பெரிய பிரச்சினை. பாதியில் நிற்கும் பத்துக் கதை கற்றுத் தராததை, சுமாராகவேனும் முடித்த ஒரு கதை கற்றுத் தரும். ஏனென்றால் முடிவு வரை போனால்தான் ஆரம்பத்தில் எது தேவையில்லை என்று தெரியும்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் எழுதினால் மற்ற மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியுமா? கேவலமாக நினைக்க மாட்டார்களா?

மதுரைப் பேச்சையும் நெல்லைப் பேச்சையும் கொங்குப் பேச்சையும் தமிழ் வாசகர்கள் எத்தனையோ வருடமாகக் கதையில் படித்துப் பழகியவர்கள். நம் ‘கினு’வையும் ‘கீறேன்’னையும் படிப்பார்கள். சினிமாவில் இந்தப் பேச்சைச் சிரிப்புக்கும் ரவுடிக்கும் மட்டுமே அதிகம் வைத்ததால் நமக்கே ஒரு கூச்சம் வந்துவிட்டது. அந்தக் கூச்சத்தைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுங்கள். சாவு வீட்டிலும் இந்தப் பேச்சில்தான் அழுகிறோம், பிள்ளையைக் கொஞ்சுவதும் இதில்தான்.

எவ்வளவு போடுவது என்பதுதான் நுட்பம். காதில் விழுவதை அப்படியே எழுத்துக் கூட்டினால் கண்ணுக்குக் கஷ்டம்:

‘இன்னாடா இன்னும் குந்திகினு கீற, பஸ்ஸு பூட்ச்சி பாரு, அப்பறமா வூட்டாண்ட குந்திகினு அய்துகினு இருப்ப.’

இதையே இப்படி வைக்கலாம்:

‘இன்னாடா, இன்னும் குந்திகினு கீற? பஸ்ஸு போயிடுச்சி பாரு.’

ஒரு வரியில் ரெண்டு மூன்று இடத்தில் மண் வாசனை வந்தால் மீதியைப் படிக்கிறவர் காதே நிரப்பிக்கொள்ளும். வாக்கிய ஓட்டம் நம்முடையதாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம், எழுத்துக் கூட்டல் அப்புறம்.

எல்லாரையும் ஒரே மாதிரி பேச வைக்காதீர்கள். மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் வீட்டுக்குள் உருது பேசி வாசலுக்கு வந்தால் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. ஆந்திர எல்லை ஓரம் தெலுங்கு பேசும் வீடுகள் ஏராளம். அப்பாவை ‘நைனா’ என்று கூப்பிடும் பையனும் ‘அத்தா’ என்று கூப்பிடும் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரே ஆள் கூட ஆசிரியரிடம் ஒரு மாதிரி, மாமன் மச்சானிடம் ஒரு மாதிரி பேசுவார். டீக்கடையில் உட்கார்ந்து கேட்டு, வீட்டுக்கு வந்து அப்படியே எழுதி வையுங்கள். கதைக்காக இல்லாவிட்டாலும் காது பழகுவதற்காக.

கதை சொல்லும் நடை எதில் இருக்க வேண்டும்? உரையாடல் மட்டும் பேச்சு வழக்கு, மீதி பொதுத் தமிழ் என்பது புதியவர்களுக்குப் பாதுகாப்பான வழி. கதையை ஒரு பாத்திரமே சொல்வதாக இருந்தால் முழுக்கவும் பேச்சில் எழுதலாம். அது சுலபமாகத் தெரியும், ஆனால் பத்துப் பக்கம் தாண்டித் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

நிறையப் படிக்கச் சொல்கிறார்கள். புத்தகம் வாங்கக் காசில்லை.

வேலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. தாலுகா ஊர்களில் கிளை நூலகம், கிராமங்களில் ஊர்ப்புற நூலகம். உறுப்பினராவதற்குக் கட்டும் காப்புத்தொகையும் சந்தாவும் ஒரு சினிமா டிக்கெட் அளவுகூட வராது. இணையத்தில் என்றால் 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியமும் உரைநடையும் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்களும் நூல்களும் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம், பகிரலாம். அந்த வரிசையில் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகள் பலர் இருக்கிறார்கள்.

படிக்கும் விதம் பற்றி ஒன்று. பிடித்த கதை ஒன்றை எடுத்து, முதல் பத்தியைக் கையால் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாக்கியம் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று கை சொல்லும்.

1806 வேலூர்ப் புரட்சியை வைத்து நாவல் எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. வருடத்துக்கு ஒருவராவது இந்த ஆசையோடு வருவார்.

அடிப்படை விவரம் எளிதில் கிடைக்கும். 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்களுக்குப் புது உடை விதி வந்தது. நெற்றியில் குறி இடக்கூடாது, தாடி எடுக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். கோட்டைக்குள் திப்பு சுல்தான் குடும்பம் காவலில் இருந்தது. ஜூலை 9 அன்று அவர் மகள் ஒருத்தியின் கல்யாணம். மறுநாள் 10-ம் தேதி விடியும் முன் சிப்பாய்கள் எழுந்தார்கள், கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. செய்தி ஆற்காட்டுக்குப் போய், ஆங்கிலப் படை அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து, அன்றைக்கே கோட்டையைத் திரும்பப் பிடித்தார். நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பின்னால் கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

இவ்வளவும் வரலாறு. பதிவுகளில் அதிகம் கேட்பது ஆங்கில அதிகாரிகளின் குரல். ஒரு சிப்பாய் அந்தத் தலைப்பாகையை முதல் தடவை கையில் வாங்கியபோது விரல் தோலில் பட்டதும் என்ன நினைத்தான், அவன் பெண்டாட்டி அதைப் பார்த்து என்ன சொன்னாள் என்று எந்தக் கடிதத்திலும் இருக்காது. நாவலாசிரியருக்கு வேலை அங்கேதான். ஜூலை 10 காலையில் தொடங்காதீர்கள். அந்தக் கல்யாண நாள் சாயங்காலத்தில் பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கும் ஒரு ஆளிடம் தொடங்கிப் பாருங்கள்.

ஆவணம் தேட சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஆங்கிலேயர் காலத்தில் 1881-ல் வெளியான வட ஆற்காடு மாவட்டக் கையேடு சம்பவம் நடந்து வெகு காலம் கழித்து எழுதியது என்றாலும் பயிர், பஞ்சம், சாதி, சந்தை எல்லாவற்றுக்கும் உதவும். எல்லாவற்றுக்கும் முன்னால் கோட்டைக்கே பல தடவை போங்கள். அகழியிலிருந்து மதில் எவ்வளவு உயரம், மேலே நின்றால் எந்த மலை தெரிகிறது, ஜூலை மாதம் அந்தக் கல் எவ்வளவு சுடும் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும்.

சின்னச் சின்ன விஷயங்களில் கவனமாக இருங்கள். 1806-ல் ரயில் கிடையாது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டி ஓடியது 1856-ல். தீப்பெட்டி கிடையாது, அடுப்பு பற்ற வைக்க அடுத்த வீட்டுக் கங்கு வேண்டும். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் சன்னதியில் தீபாராதனை காட்டி ஒரு சிப்பாயை வேண்ட வைக்க ஆசை வரும். அங்கே நெடுங்காலம் மூலவரும் வழிபாடும் இல்லாமல் இருந்து 1981-ல்தான் லிங்கம் மீண்டும் வைக்கப்பட்டது. இந்த ஊர் வாசகர் அந்த ஒரு பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். யோசித்தால், இருண்டு கிடக்கும் கோயிலின் முன்னால் அவனை நிறுத்துவது இன்னும் நல்ல காட்சி.

பக்கத்து வீட்டுக்காரரை, சொந்தக்காரரை வைத்து எழுதலாமா? பிரச்சினை வராதா?

எல்லா எழுத்தும் யாரோ ஒருவரிடமிருந்துதான் வருகிறது. ஆனால் அடையாளம் தெரியும்படி ஒருவரைப் பற்றி அவர் பெயர் கெடும் வகையில் எழுதினால் அவதூறு வழக்கு வரலாம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. ‘இது கற்பனை’ என்று முன்னால் ஒரு வரி போட்டால் மட்டும் தப்பிக்க முடியாது. பெயரை மாற்றினால் போதாது. வேலை, தெரு, குடும்ப அமைப்பு, உருவம் எல்லாம் மாற வேண்டும். இரண்டு மூன்று பேரைக் கலந்து ஒருவரை உண்டாக்குங்கள். சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, நம்பி நம்மிடம் ஒருவர் சொன்னதை அவர் கேட்காமல் அச்சில் ஏற்றக் கூடாது என்பது.

சாதி பற்றி எழுதலாமா என்றும் கேட்பார்கள். வட ஆற்காட்டு வாழ்க்கையைச் சாதியைத் தொடாமல் எழுதினால் பாதி பொய்யாகிவிடும். எழுதுங்கள். அடுத்தவர் வலியை எழுதும்போது அந்தத் தெருவில் இருப்பவர் ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எழுதியதை யாரிடம் காட்டுவது?

வீட்டாரிடம் காட்டலாம், ஆனால் அவர்கள் அபிப்பிராயத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பாசம் குறுக்கே வரும். நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு உட்காருங்கள். நூலகத்தில் இடம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், கோட்டை மைதானப் புல்தரையும் இருக்கிறது. த.மு.எ.க.ச. என்கிற தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம், கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகளுக்கு மாவட்டங்களில் கிளைகள் உண்டு, கூட்டங்களுக்குப் போய்ப் பழகலாம்.

நாங்கள் வைத்திருக்கும் முறை இது. கதையை எழுதியவர் வாய்விட்டுப் படிப்பார். மற்றவர்கள் பேசி முடிக்கும் வரை அவர் வாய் திறக்கக் கூடாது. ‘நல்லாருக்கு’, ‘நல்லா இல்ல’ என்று யாரும் சொல்லக் கூடாது. எந்த இடத்தில் மனசு கதையை விட்டு வெளியே போனது, எது புரியவில்லை, வீட்டுக்குப் போனபின் எது ஞாபகம் இருக்கும் என்று மட்டும் சொல்ல வேண்டும். மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அந்த இடத்தில் கோளாறு நிச்சயம். எப்படிச் சரி செய்வது என்று அவர்கள் சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அது உங்கள் வேலை.

எந்த எழுத்துருவில் அடிப்பது?

யூனிகோடு. வேறு பேச்சே வேண்டாம். டி.டி.பி. கடையில் பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ அடித்து வாங்கினால் மின்னஞ்சலில் போகும்போது எழுத்து உடைந்துபோகும். ஏற்கெனவே அப்படி அடித்தது இருந்தால் மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கணினியில் தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொள்ளுங்கள், ரெண்டு வாரத்தில் கை வந்துவிடும். போனில் குரல் வழியாகச் சொல்லி அடிக்கலாம், ஆனால் ‘குந்திகினு’ என்று சொன்னால் அது வேறு ஏதாவது போடும். ஒற்றுப் பிழையையும் ல, ள, ழ குழப்பத்தையும் அனுப்பும் முன் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

கதையை எங்கே அனுப்புவது?

வார இதழ்களுக்குச் சின்னக் கதை வேண்டும், ஆயிரம் சொல்லை ஒட்டி. காலச்சுவடு, உயிர்மை, கணையாழி போன்ற இலக்கிய இதழ்கள் நீளமான கதைக்கு இடம் தரும். இணையத்தில் சொல்வனம், வல்லினம் போன்ற இதழ்கள் இருக்கின்றன. அறிவியல் புனைவு என்றால் அரூ. எதற்கும் அனுப்பும் முன் அந்த இதழில் வந்த நாலு கதையாவது படித்திருக்க வேண்டும். என்ன மாதிரிக் கதை போடுகிறார்கள் என்று தெரியாமல் அனுப்புவது அவர்களுக்கும் உங்களுக்கும் நேர விரயம்.

வேர்டு கோப்பாக அனுப்புங்கள், பி.டி.எஃப். வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கதை. ஒரே கதையை இரண்டு இதழுக்கு ஒன்றாக அனுப்பாதீர்கள். மின்னஞ்சலில் உங்கள் பெயர், ஊர், தொலைபேசி எண், இது வேறு எங்கும் வெளிவராத என் சொந்தக் கதை என்று ஒரு வரி. அவ்வளவுதான். கதையின் சுருக்கமோ அதன் கருத்தின் விளக்கமோ தேவையில்லை. முகநூலில் போட்டுவிட்ட கதையைப் பல இதழ்கள் ஏற்பதில்லை, எனவே அவசரப்பட்டுப் பகிராதீர்கள்.

மூன்று மாதமாகியும் பதில் இல்லையே?

ஒரு தடவை மரியாதையாக நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால், திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். காத்திருக்கும் நாளில் அடுத்த கதை பாதியாவது ஆகியிருக்க வேண்டும்.

ஏ.ஐ. வைத்து எழுதலாமா?

எழுத்துப் பிழை பார்க்க, தகவல் தேட வைத்துக்கொள்ளலாம், கிடைத்த தகவலை வேறு இடத்தில் சரிபார்க்கவும் வேண்டும். கதையை எழுதச் சொல்லி வாங்கி உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள். அது ஏமாற்று. மாலதி முட்டையை எங்கே ஒளித்தாள் என்று யோசிக்கும் நேரத்தில்தான் நீங்கள் எழுத்தாளராகிறீர்கள், அந்த வேலையை வெளியே கொடுத்தால் கற்றுக்கொள்ள மிச்சம் எதுவும் இருக்காது.

புத்தகம் போட ஒரு பதிப்பகம் பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

முதல் தொகுப்புக்கு முண்டியடிக்கும் பலரிடம் இப்படிப் பணம் வாங்குகிறார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பிரதிகள் கட்டுக்கட்டாக வந்து வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. கடைக்கு ஒன்றும் போகவில்லை. என் கருத்து உறுதியானது: பதிப்பகம் என்றால் அது செலவு செய்து, விற்று, உங்களுக்கு ராயல்டி தர வேண்டும். வழக்கம் புத்தக விலையில் 10 சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் உங்களுக்கு 10,000 ரூபாய். எழுத்தை நம்பி வேலையை விடலாமா என்று கேட்பவர்களுக்கும் இந்தக் கணக்கையே காட்டுகிறேன்.

பணம் கொடுத்துப் போடுவதுதான் முடிவு என்றால் பதிப்பகத்திடம் போகாமல் நேரடியாக அச்சகத்திடம் போங்கள். தேவைக்கு ஏற்ப அச்சிடும் முறையில் இப்போது முப்பது, ஐம்பது பிரதிகூடப் போடலாம். டெமி அளவு, 70 ஜி.எஸ்.எம். தாள், பக்கங்கள் 16-ன் மடங்கில் வந்தால் தாள் வீணாகாது. புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐ மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையம் வழியாக இலவசமாகத் தருகிறது, தனிநபரும் விண்ணப்பிக்கலாம். அதை வாங்கித் தர யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நீங்களே வெளியீட்டாளர் என்றால் 1954-ம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும்.

பதிப்புரிமையைப் பதிவு செய்ய வேண்டுமா? ஒப்பந்தத்தில் என்ன பார்ப்பது?

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதி முடித்த அந்த நிமிடமே உரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை. உங்கள் ஆயுளுக்கும் அதற்கு மேல் 60 வருடத்துக்கும் அது செல்லும்.

உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஆகவே கையெழுத்துப் போடும் முன் மூன்று இடத்தைப் பாருங்கள். ‘நிரந்தரமாக’ என்ற சொல் இருக்கிறதா? சினிமா, வலைத்தொடர், ஒலிநூல், மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதி வாங்குகிறார்களா? ராயல்டி கணக்கு எப்போது தருவார்கள் என்று தேதி இருக்கிறதா? அச்சுக்கும் மின்னூலுக்கும் மட்டும் மூன்றோ ஐந்தோ வருடம் கொடுத்து, மீதியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் போட உதவித்தொகை ஏதாவது கிடைக்குமா?

தமிழ் வளர்ச்சித் துறை தமிழில் நூல் வெளியிட நிதியுதவி தருகிறது, குடும்ப வருமான வரம்பு உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளர்களின் நூல்களுக்கு ஆதிதிராவிடர் நலத் துறையின் தனித் திட்டம் இருக்கிறது. 35 வயதுக்குள் இருப்பவர்களின் நூலுக்கு சாகித்திய அகாதமி 2011 முதல் யுவ புரஸ்கார் விருது கொடுத்து வருகிறது. நிதியுதவித் திட்டங்களுக்கு நாளிதழில் அறிவிப்பு வரும்போது கேட்பது முழுக் கையெழுத்துப் படியை. எனவே அறிவிப்பு வந்தபின் எழுத ஆரம்பித்தால் நடக்காது. விண்ணப்பப் படிவத்துக்கும் விவரத்துக்கும் மாவட்டத் தமிழ் வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள், வருமானச் சான்றிதழை முன்கூட்டியே இ-சேவை மையத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.